வடத்தை இழுத்த கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'மேன் ஆன் வயர்' ஆவணப்படம் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜேம்ஸ் மார்ஷ் இயக்கி 2008-இல் வெளியாகி, மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்ற படம் அது. கட்டுரை முழுவதும் ஃபிலிப் பெத்தி என்ற கம்பிநடைக் கலைஞர் ஒருவரின் துணிச்சலையே பேசிவிட்டு, அவருடைய நண்பர்களின் பங்கை 'சிலர் உதவினர்' என்று அரைவரியில் முடித்துவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

1974 ஆகஸ்ட் 7 அன்று காலை, நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கட்டிய வடத்தின் மேல், ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் பெத்தி முக்கால் மணி நேரம் நடந்தார். இடையில் மண்டியிட்டார், மல்லாந்து படுத்தும் காட்டினார். இது ஊரறிந்த செய்தி. அந்த வடம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் படம் ஆற அமரச் சொல்கிறது. (கட்டுரையில் 'கயிறு' என்றே எழுதியிருந்தீர்கள், அது எஃகு வடம்.) முந்தைய இரவு ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து பெத்தியின் நண்பர் ழான் லூயி ப்ளோந்தோ வில்லில் அம்பு பூட்டி எய்கிறார், அம்போடு கட்டியிருப்பது மீன்பிடித் தூண்டில் நரம்பு. எதிர்க் கோபுரத்தில் இருந்த பெத்திக்கு இருட்டில் நரம்பு புலப்படாததால், உடைகளைக் களைந்து, அது வெற்றுடம்பில் எங்கேனும் உரசுகிறதா என்று தேடுகிறார். நரம்பின் பின்னே மெல்லிய கயிறும், அதன் பின்னே தடித்த கயிறும், கடைசியில் 200 கிலோ எடையுள்ள வடமும் கடந்தாக வேண்டும். அந்த வடமோ பிடி நழுவித் தொய்ந்து தொங்கிவிட, விடிவதற்குள் அதை மணிக்கணக்கில் இழுத்து மேலேற்றியது ழான் லூயி நின்ற பக்கம். அவர் கை சோர்ந்திருந்தால் அன்று நடை ஏது?

நடையை அசையும் படமாகக் காண நமக்கு வாய்ப்பில்லை. திரையில் வருபவை நிழற்படங்களே. அவற்றை எடுத்தவர்களில் முதன்மையானவரும் இதே ழான் லூயிதான். நடித்துக் காட்டிய கறுப்பு வெள்ளைக் காட்சிகளைவிட அசையாத அந்தப் படங்கள்தாம் என்னை அதிகம் கலங்கடித்தன.

அனுமதியின்றி நடந்ததற்காகக் கைதான பெத்தியின் மீதான வழக்கு பெரிதாகவில்லை, சென்ட்ரல் பூங்காவில் குழந்தைகளுக்கு வித்தை காட்டினால் போதும் என்று குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். நட்பு அப்படித் தப்பவில்லை. விடுதலையான பெத்தி, புகழின் முதல் சூட்டிலேயே தம்மைப் பாராட்ட வந்த ஒரு பெண்ணோடு போய்விட்டதாக அவரே படத்தில் சொல்கிறார். பல ஆண்டுகள் அவருடைய ஒத்திகைகளுக்கெல்லாம் துணைநின்ற காதலி ஆனி அலிக்ஸ், தங்கள் உறவு அத்தோடு முடிந்ததைக் கசப்பில்லாமல் நினைவுகூர்கிறார். ழான் லூயியோ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து அழுதுவிடுகிறார்.

பெத்தியின் சிரித்த முகத்தை அட்டையில் போட்ட நீங்கள், உள்ளே ழான் லூயியின் படம் ஒன்றையாவது சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை.