சொல்லோடு வாக்கியமும் வேண்டும்: ஒரு பிரெஞ்சுப் பேயை முன்வைத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் பகுதியில் வரும் பிறமொழிச் சொற்பட்டியலை என் பேத்தியுடன் அமர்ந்து வாரந்தோறும் படித்து வருகிறேன். அண்மையில் பிரெஞ்சு வரிசையில் 'ஃபான்டோமே – பேய்' என்று ஒரே வரி வந்திருந்தது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டுப் பிள்ளையை எப்படித் தடுமாற வைத்தது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. அச்சொல்லின் இறுதி உயிரெழுத்து ஒலிப்பதில்லை. 'ஃபான்தோம்' என்று மெய்யில் முடியும். நடுவில் உள்ள னகரத்தை நாக்கு தொடுவதில்லை, 'ஆ' மட்டும் மூக்கின் வழியே வரும். அடுத்து வருவது நம் 'பத்து' என்பதில் உள்ள தகரம். 'பந்து' என்பதில் உள்ளதுபோல் அதை மெலித்துச் சொல்லிவிடக் கூடாது. பன்மைக்கு எழுத்தில் ஒரு குறி கூடினாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது; முன்னால் 'ல' வருகிறதா, 'லே' வருகிறதா என்பதைக் கொண்டுதான் ஒன்றா பலவா என்று அறிய முடியும். தனிச்சொல்லாகப் படிக்கும் பிள்ளைக்கு இது எங்கே விளங்கப்போகிறது?

பொருளில் நேர்ந்த குழப்பம் இதைவிடப் பெரியது. இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கும் என் பேத்தி வார இறுதியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறாள். மழையைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னபோது, ஜார்ஜ் டவுன் சாலைகளில் வெள்ளம் ஏறிய அன்று பெய்ததைப் 'பேய் மழை' என்று நினைத்து, மழைக்கான சொல்லையும் தங்கள் பட்டியலில் கண்ட சொல்லையும் சேர்த்து 'ப்ளுயி ஃபான்தோம்' என்று எழுதிவிட்டாள். அதன் கீழ்ச் சிவப்பு மையில் கோடிட்டிருந்த ஆசிரியை, "மழை பெய்ததா, பெய்யவில்லையா?" என்று கேட்டிருந்தார். கொட்டும் மழையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கயிறு கயிறாகப் பெய்கிறது' என்பார்களாம்.

அந்த ஆசிரியை கேட்டது நியாயமே. தமிழில் 'பேய்' என்பது மற்றொரு பெயருக்கு முன் நின்றால் பெரும்பாலும் மிகுதியையும் கட்டுக்கடங்காமையையும் குறிக்கும்: பேய் மழை, பேய்க்காற்று, பேயாட்டம். பிரெஞ்சிலோ ஃபான்தோம் பெயருக்குப் பின் நின்று, இருக்க வேண்டியது இல்லாமற்போனதைச் சுட்டுகிறது. குடிகள் வெளியேறிப் பாழ்பட்ட ஊர் 'வில் ஃபான்தோம்'. வெட்டியெடுக்கப்பட்ட பிறகும் இருப்பதுபோல் வலிக்கும் கையோ காலோ 'மாம்ப்ர் ஃபான்தோம்'. அந்த வலியை 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் அம்புருவாஸ் பாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர். நூலகத்தில் ஒரு நூலை எடுத்த இடத்தில் அடையாளமாகச் செருகி வைக்கும் அட்டைக்கும் ஃபான்தோம் என்றே பெயர். தமிழ்ப்பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில், அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க மலாய்ச் சொல்லே நல்ல துணை. வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாதவரைப் 'பெங்உண்டி ஹந்து', அதாவது 'பேய் வாக்காளர்', என்கிறோம் அல்லவா? ஃபான்தோமின் போக்கு அதுதான். இன்னொன்றையும் பேத்திக்குக் காட்டினேன். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் வரும் ஆவிகள் விழாவுக்கு இங்கே தெருவோரம் மேடை கட்டிக் கூத்து நடக்கும்போது முன்வரிசை நாற்காலிகளைக் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்காகக் காலியாக விட்டிருப்பார்கள். அந்த விழாவைப் பிரெஞ்சில் 'ஃபெத் தே ஃபான்தோம்' என்கிறார்கள். காலி நாற்காலியைப் பார்த்த பிறகு அவளுக்குச் சொல் பிடிபட்டது.

வினைச்சொற்களும் ஒத்துப்போவதில்லை. நாம் 'பேயறைந்தவன் போல நின்றான்' என்பதை அவர்கள் 'ஃபான்தோமைக் கண்டவன் போல' என்பார்கள்; நம் பேய் அறைகிறது, அவர்களுடையது கண்ணில் படுகிறது. 'பேய்களை நம்புகிறேன்' என்பதற்கு 'ஜெ க்ர்வா ஓ ஃபான்தோம்' என வேண்டும். இடையில் உள்ள அந்த 'ஓ' விடுபட்டால் வாக்கியம் நிற்காது. ஒருவரைப் பிடித்து ஆட்டுவதும் ஃபான்தோமின் வேலையன்று; அதற்கு வேறு சொல் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பிறந்த அம்மையார் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்று பாடிக்கொண்டாரே, அந்தப் பேயை ஃபான்தோம் என்று பெயர்த்தால் பக்தியில் தம்மை மறந்த நிலை முழுவதும் போய்விடும்.

ஆகவே, பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அன்றாடப் பேச்சில் வழங்கும் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தமிழ்ப் பொருளுடன் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாதெனில் பத்துச் சொற்களுக்குப் பதிலாக வாரம் மூன்று சொற்கள் வந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. 'ஃபான்டோமே' என்ற திரிபை அடுத்த ஞாயிறு இதழிலேயே திருத்தி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டி வைக்கும் பிள்ளைகளை நான் அறிவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு