தண்ணீர் தந்தவர்களுக்கும், சொன்ன நாளில் கொண்டுவந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

மழை வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. கோடை முழுக்க உங்களுக்குப் போன் எடுத்ததெல்லாம் "எத்தனை மணிக்கு வருவீங்கள்?", "டீசல் போதுமா?" என்று கேட்கத்தான். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. விதைப்பு தொடங்கினால் இனியும் கிடைக்காது. ஆகவே இந்த நாலைந்து நாளுக்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு தாண்டி மேற்கே வந்தால் வருகிற படுவான்கரை ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. 140 வீடு, ஏறக்குறைய 560 பேர். எங்களுக்கு மழை என்றால் கார்த்திகை, மார்கழி, தை. அந்த மூன்று மாதமும் வானம் கொடுப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். போன மாரி ஏமாற்றிவிட்டது. பங்குனியிலேயே கிணறுகளின் அடி தெரிந்தது. கச்சான் என்கிற வறண்ட காற்று தொடங்கியதும் இருந்த கொஞ்சமும் சவர்த்துப் போனது. வற்றிய ஆற்றுக்குள் பூவல் என்கிற ஊற்றுக்குழி தோண்டினோம். விடிய மூன்று மணிக்கே பெண்கள் குடத்தோடு போய், ஒருத்தி டோர்ச் பிடிக்க மற்றவள் குனிந்து சிரட்டையால் கோலிக் கோலி ஊற்றுவாள். ஒரு வாளி நிறைய அரை மணித்தியாலம். வாளியின் அடியில் நாலு விரல் மணல் இருக்கும்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அனர்த்த முகாமைத்துவக் குழு ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் வந்து, நாடு முழுக்க இந்த ஏற்பாடுகள் உருவான வழியில் எங்களுக்கும் வந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தோம். கயிறு, ஒலிபெருக்கி, ஆறு மிதவைச் சட்டை. எல்லாம் வெள்ளத்துக்கும் புயலுக்கும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட ஊர் அப்படித்தான் ஆயத்தம் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொண்டைக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது மிதவைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சம் அழுகை மாதிரித்தான் இருந்தது. வறட்சிக்கு யாரும் சங்கு ஊதி எச்சரிப்பதில்லை. கிணற்றுக் கயிறு கிழமைக்கு ஒரு முழம் நீளும், அவ்வளவுதான்.

முதல் நன்றி பிரதேச சபைப் பவுசர், அதாவது தண்ணீர் லொறி, சாரதிக்கு. ஒன்றுவிட்ட ஒரு நாள் 5,000 லீற்றர். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலரை லீற்றர். குடிக்கலாம், சோறு வடிக்கலாம், மறுகா ஒன்றும் செய்ய முடியாது. அது அவருடைய பிழை இல்லை, அந்த ஒரு பவுசர் எத்தனை ஊருக்குத்தான் ஓடும்? ஒரு நாள் சில்லு வெடித்து இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். தாங்கிகள் நிறைந்த பிறகுதான் சாப்பிட வந்தார்.

பிறகு நீங்கள் எல்லோரும் வரத் தொடங்கினீர்கள். இந்த இடத்தில்தான் உள்ளதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, ஒரே நேரத்தில் நாலு வாகனம் பிரதான வீதிச் சந்தியில் வந்து நின்றது. நாலிலும் அரை லீற்றர் போத்தல்கள். சந்தியில் இருந்த வீடுகளுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. உள்ளே, வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவர்கள் செய்தி கேட்டு நடந்து வருவதற்குள் வாகனங்கள் திரும்பிவிட்டன. ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஒருவரும் வரவில்லை. புதன்கிழமை பார்த்தால் வெறும் போத்தல்கள் கச்சான் காற்றில் உருண்டு போய் வேலிகளில் வரிசையாகச் சிக்கிக் கிடந்தன. உதவி குறைவாக வரவில்லை, ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து குவிந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான், நாங்கள் ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை.

அன்று இரவு எங்கள் ஊர்த் தம்பி ஒருவருக்கு வட்ஸ்அப்பில் கதைத்தேன். அவர் சோமாலியாவில் நிவாரண நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். நான் எவ்வளவு காசு திரட்டலாம் என்று கேட்கப் போனேன், அவர் "அண்ணன், ஒரு கொப்பி எடுங்கள்" என்றார். நாலு கோடு கீறச் சொன்னார். யார், என்ன, எங்கே, எப்போது. ஐ.நா.வின் பெரிய பெரிய ஒருங்கிணைப்புக் கூட்டங்களிலும் அடிப்படை இந்தத் தாள்தானாம், கணினியில் வண்ணம் தீட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசமாம்.

அவர் சொன்ன இன்னொன்று மனதை விட்டுப் போகவில்லை. 2011 தையில் நாங்கள் வெள்ளத்தில் வீடு விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோமே, அதே காலத்தில் சோமாலியாவில் ஒரு பருவ மழை பொய்த்துப் போயிருந்தது, அடுத்ததும் பிறகு பொய்த்தது. எங்கள் வெள்ளத்துக்கும் அந்த வறட்சிக்கும் பின்னால், பசிபிக் கடல் குளிர்ந்து மழைப் போக்கை மாற்றும் அதே லா நினாதான் இருந்தது என்பார்கள். பஞ்சம் வரப்போகிறது என்ற எச்சரிக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டன. பணம் வரவில்லை. ஜூலை 20ஆம் திகதி பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 260,000 பேர் இறந்தார்கள், பாதிப் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். 2017இல் மறுபடி கடும் வறட்சி வந்தபோது உதவி முந்திப் போனது, பஞ்சம் என்று அறிவிக்கும் நிலை வரவில்லை. எங்கள் நிலையை அதோடு ஒப்பிடுவது அநியாயம், அது அவருக்கும் தெரியும். கொப்பியை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

சரி, தொடங்கினோம். மாதர் சங்கத் தலைவி அக்கா பத்து வீட்டுக்கு ஒரு தாங்கி என்று பிரித்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளை ஒருத்தி கொப்பிக்குப் பொறுப்பு. யார் போன் எடுத்தாலும் அவளிடம் கொடுத்தோம். "வெள்ளிக்கிழமை ஆள் இருக்கிறார்கள் அங்கிள், நீங்கள் செவ்வாய்க்கிழமை வாருங்கள். சந்திக்கு வேண்டாம், ஏழாம் தாங்கிக்கு. போத்தல் வேண்டாம், பவுசர்." பத்தொன்பது வயதுப் பிள்ளை இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் பிடிக்குமா? ஒரு குழு கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. போகட்டும், அங்கேயும் தாகம்தான்.

இந்த மடல் உண்மையில் மற்றவர்களுக்கு, அதாவது சரி என்று கேட்டு, சொன்ன நாளில் வந்தவர்களுக்கு. காத்தான்குடிக் காக்காமார் (முஸ்லிம் அண்ணன்மார்) வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வருவதாக இருந்தார்கள். திங்கள் காலை என்று மாற்றியபோது ஒரு சொல் பேசவில்லை. கடையை மூடிவிட்டு வந்தார்கள். வரும்போது இரண்டு தாங்கியும் கொண்டுவந்தார்கள். நகரத்துத் தேவாலயத்து இளைஞர்கள் படம் எடுக்கச் சந்திதான் வசதி என்று தெரிந்தும், உழவு இயந்திரம் புதையும் மணல் பாதையில் இரண்டு கிலோமீற்றர் உள்ளே வந்தார்கள்.

சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு: நீங்கள் அரிசி மூட்டைக்கு என்று அனுப்பிய காசை டீசலுக்கும் வாடகைப் பவுசருக்கும் மாற்றக் கேட்டபோது, "அதற்கா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டீசலைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்? வாடகைப் பவுசர் கிழமையில் நாலு தரம் வந்ததாகக் கணக்குக் கொடுத்தது, தாங்கிக்காரர்கள் மூன்றுதான் கண்டார்கள். அதற்கும் சோமாலியாத் தம்பியிடம் மருந்து இருந்தது. அங்கே குடும்பங்களின் கையில் தண்ணீர்ச் சீட்டைக் கொடுப்பார்களாம். தண்ணீர் ஊற்றுகிறவர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்த்தான் காசாக்க வேண்டும். நாங்களும் தாங்கிக்கு ஒரு சீட்டு அடித்தோம். அடுத்த கிழமையிலிருந்து நாலு என்றால் நாலு.

உங்கள் எல்லோருடைய வரவையும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு பதினொரு, பன்னிரண்டு லீற்றர் வரை போனது. சர்வதேச நிவாரண அளவுகோல் 15 லீற்றர் என்கிறது. அதைத் தொடவில்லை. ஆனால் பிள்ளைகள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா கிழமைக்கு இரண்டு தரம் மோட்டார் சைக்கிளில் வருவார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தாங்கித் தண்ணீரைப் பிடித்து, ஒரு குளிசையைப் போட்டு ஆட்டி, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். நிறைய தண்ணி விட்ட சர்பத் மாதிரி இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் சரி. வராவிட்டால் முகம் மாறும். "மருந்து மணக்குது மகன்" என்று முறைப்பட்ட பெரியம்மாவுக்கு, மண் பானையில் மூடி இரவு முழுக்க வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

இனி என்னுடைய பிழை. கொப்பிக்குப் பெயர்களை வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் எழுதினேன். வாய்க்கால் கரையில் ஆறு வீடுகள். பிழைப்புக்காக வேறு பக்கத்திலிருந்து வந்து குடியிருப்பவர்கள், பெயர் இன்னும் பழைய ஊரில். ஒன்பது நாள் அவர்களுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. பத்தாம் நாள் ஒரு தாய், இடுப்பில் பிள்ளையும் கையில் வெறும் கேனுமாக என் வாசலில் வந்து நின்றார். சண்டை பிடிக்கவில்லை. "எங்களுக்கு எந்த நாள் மகன்?" என்று மட்டும் கேட்டார். எந்த நாளும் எழுதப்படவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாய்க்கு என் நன்றி, வந்து கேட்டதற்கு. கேட்காமல் இருந்திருந்தால் எத்தனை நாள் போயிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் கிராம சேவகர் அக்கா தன்னுடைய ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இப்போது கொப்பியில் அடுப்பு எரிகிற வீடெல்லாம் இருக்கிறது.

மாட்டுப் பட்டிகளுக்கு வைக்கோல் அனுப்பிய மகாஓயாப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்துக்கும், தன் கிணற்றை இரவிலும் திறந்து வைத்திருந்த வயற்காரப் போடியாருக்கும், தாங்கி வைக்கப் பனங்குற்றி தந்தவர்களுக்கும், சாரதிமாருக்குச் சோறும் ஆணமும் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஒருவர் பெயரும் போடவில்லை. வரவு செலவுக் கணக்கு வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தாங்கிகளைக் கழுவிக் காயவைத்து, வாசிகசாலைப் பின்னறையில் கவிழ்த்து அடுக்கியிருக்கிறோம். மிதவைச் சட்டைகளை முன்னுக்கு எடுத்து வைத்தாயிற்று, மாரி அல்லவா. பச்சை மையால் அடையாளம் போட்ட இரண்டு தாங்கியும் காத்தான்குடிக் காக்காமாருடையவை. எப்போதும் வந்து எடுக்கலாம். அடுத்த சித்திரை வரை இங்கேயே இருக்கட்டும் என்றாலும் சந்தோசம். எதுவானாலும் வருமுன் பிள்ளைக்கு ஒரு போன் எடுங்கள், கொப்பியில் நாள் போட வேண்டும்.

இப்படிக்கு,
கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்