எட்டரை வீத வைனுக்கு என்ன சமைப்பது

மோசல் ஆற்றங்கரை,
ஒக்ரோபர் மாத இறுதி.

அன்புள்ள நண்பர் குமாரசாமிக்கு,

உமது கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மருமகன் பிராங்பேர்ட்டிலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது வாங்கிவந்த மூன்று மோசல் வைன் போத்தல்களில் ஒன்றைத் திறந்து, வாட்டிய ஆட்டுத்தொடை இறைச்சியோடு குடித்துப் பார்த்ததாகவும், அது சர்பத்தைப்போல இனித்ததாகவும், ஜேர்மன் வெள்ளை வைன் எல்லாமே இப்படித்தான் போலும் என்பதால் மிகுதி இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிட எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர். தயவுசெய்து கொடுத்துவிடாதேயும். மூன்று போத்தல்களின் பெயர்ப்பட்டிகளையும் எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதி அனுப்பியிருப்பதால், அவற்றில் ஒவ்வொன்றும் என்ன வைன், எந்த உணவுக்கு உரியது என்பதை இங்கிருந்தபடியே என்னால் சொல்ல முடியும்.

நான் கடந்த பங்குனியோடு விடுதிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் திராட்சை அறுவடை நடக்கும் வாரங்களில், சரிவுகளில் பழம் பறிப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கப் பழைய முதலாளியம்மா என்னை அழைத்துக்கொள்வார். இந்த ஆண்டும் போனேன். அந்தச் சரிவுகளை நீர் ஒருமுறை பார்த்தால் இந்த வைனைப் பற்றி வேறு மாதிரி நினைப்பீர். ப்ரெம் என்ற ஊரில் கால்மொண்ட் எனப்படும் தோட்டம் 60 பாகைக்கும் மேற்பட்ட சரிவில் ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. எங்கள் ஊர்ச் சரிவுகள் அவ்வளவு செங்குத்தானவை அல்ல என்றாலும், பறித்த கூடையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவே ஒருவருக்குப் பயிற்சி வேண்டும். காலுக்கடியில் மண் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. முதலாம் வகுப்பில் நாம் அரிவரி எழுதினோமே, அந்தச் சிலேற்றுக் கல்லே துண்டு துண்டாக உடைந்து நிலமெங்கும் கிடக்கிறது. பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மாலை ஐந்து மணிக்கு ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரமான சட்டியைப் போல இளஞ்சூடாக இருக்கும். இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரான நாட்டில் திராட்சை பழுக்கிறது என்றால் அதற்கு அந்தக் கல்லும், தெற்கு நோக்கிய சரிவும், வெயிலைப் பிரதிபலிக்கும் ஆறும் முக்கியமான காரணங்கள்.

குளிர் நாட்டில் மெதுவாகப் பழுக்கும் பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. ரீஸ்லிங் என்ற திராட்சையின் சிறப்பே அதுதான். 1435 ஆம் ஆண்டின் கணக்கொன்றில், ரூசல்ஸ்ஹைம் என்ற ஊரில், இதன் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டிருக்கிறது. இன்று இந்த நாட்டின் சிறந்த சரிவுகள் பலவற்றை இதற்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நீர் குடித்த போத்தலில் இனிப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த இனிப்புக்குக் கீழே, அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கூர்மையான புளிப்பும் இருந்தது. ஆட்டுக்கொழுப்பும் வாட்டிய இறைச்சியின் கனமும் அந்த மெல்லிய வைனை மூடிவிட்டதால், இனிப்பு மட்டுமே உமது நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. குறை வைனில் இல்லை. அது தவறான உணவோடு மேசைக்கு வந்துவிட்டது.

பெயர்ப்பட்டியை வாசிப்பதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். மற்றச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டு, முதலில் மதுசாரம் எத்தனை வீதம் என்று பாரும். மதுவம் என்ற நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக மாற்றுகிறது. ஆகவே மதுசாரம் 8 அல்லது 9 வீதத்தில் நின்றுவிட்டால், தின்னப்படாத சர்க்கரை போத்தலுக்குள் மிச்சம் இருக்கிறது என்று பொருள். 12 வீதத்துக்கு மேல் இருந்தால் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நீர் திறந்த போத்தல் 8 வீத ஸ்பேற்லேஸ. மிகுதி இரண்டில் ஒன்று 8.5 வீத கபினெற். இந்த இரண்டு பெயர்களையும் பின்னால் விளக்குகிறேன். மற்றதில் ட்றொக்கன் என்ற சொல்லும் 12.5 வீதம் என்ற எண்ணும் இருப்பதாக நீரே எழுதியிருக்கிறீர். ட்றொக்கன் என்றால் உலர்ந்தது, அதாவது இனிப்பற்றது. லீற்றருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை அதில் இருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஜேர்மன் வைன் எல்லாம் இனிப்பு என்ற உமது தீர்ப்புக்கான மறுப்பு உமது அலுமாரியிலேயே இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு உம்முடையது மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வோர்ம்ஸ் நகரத்து மாதா கோவிலைச் சுற்றியிருந்த ஒரு சிறு தோட்டத்தின் பெயராகத் தொடங்கிய லீப்ஃபிராவ்மில்ஷ், பிற்காலத்தில் மலிவான இனிப்பு வைன்களுக்கான பொதுப்பெயராகி, 1970களிலும் 1980களிலும் வெளிநாடுகளுக்கு ஏராளமாக ஏற்றுமதியானது. வெளியில் இருப்பவர்கள் ஜேர்மன் வைன் என்றால் அதுவே என்று நினைத்துவிட்டார்கள். நல்ல கபினெற்றின் இனிப்புக்கும் அந்த இனிப்புக்கும் உள்ள தூரம், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் கடையில் விற்கும் மாம்பழச் சாற்றுக்கும் உள்ள தூரம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

கபினெற், ஸ்பேற்லேஸ, அவுஸ்லேஸ என்ற சொற்கள் இனிப்பின் படிகள் அல்ல என்பதில் இங்குள்ளவர்களே தடுமாறுவதுண்டு. அவை பறிக்கும்போது பழம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதைச் சொல்லுகின்றன. போர்ஸ்ஹைம் நகரத்தைச் சேர்ந்த ஃபெர்டினான்ட் ஓக்ஸ்லே என்பவரின் பெயரால் அந்த அளவை வழங்குகிறது; ஒரு லீற்றர் திராட்சைச் சாறு ஒரு லீற்றர் தண்ணீரைவிட எத்தனை கிராம் பாரமோ அத்தனை பாகை ஓக்ஸ்லே. மோசல் ரீஸ்லிங்கில் கபினெற்றுக்கு 70 பாகை இருக்க வேண்டும். ஸ்பேற்லேஸ என்றால் பிந்திப் பறித்தது. 1775 இல், ரைன் கரையிலுள்ள யொஹானிஸ்பெர்க் மாளிகைத் தோட்டத்தில் பழம் பறிக்க ஃபுல்டாவிலிருந்து அனுமதி கொண்டுவர வேண்டிய குதிரைவீரன் பிந்தி வந்ததால், பழங்கள் கொடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டன என்றும், வேறு வழியின்றி அவற்றையே பிழிந்தபோது அதுவரை எவரும் சுவைத்திராத வைன் கிடைத்தது என்றும் சொல்வார்கள். அந்தக் குதிரைவீரனுக்கு மாளிகை முற்றத்தில் சிலை இருக்கிறது. அதே பூஞ்சையால் கிஸ்மிஸ் போல வற்றிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வதும், பூச்சியத்துக்குக் கீழே 7 பாகைக் குளிரில் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து ஐஸ் வைன் செய்வதும் இந்த ஏணியின் உச்சிப் படிகள். அந்த ஐஸ் வைன் உமது ஊருக்கு அருகில் நயாகராவிலும் செய்யப்படுவதை நீர் அறிவீர்.

இனி, உணவுக்கு வருகிறேன். விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, வேலை முடிந்த பிறகு, முதலாளியம்மா என்னைச் சமையலறை மேசையில் உட்கார வைத்தார். புகையூட்டிய ட்ரவுட் மீனின் ஒரு துண்டு, அதன் மேல் ஹோர்ஸ்ரடிஷ் என்ற காரக்கிழங்கைத் துருவிக் கலந்த பாலாடை, பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் உலர்ந்த ரீஸ்லிங், மற்றதில் கபினெற். முதலாவதோடு மீனைச் சாப்பிட்டபோது புகை வாசனை கசப்பாக மாறிக் கிழங்கின் காரம் மூக்கில் ஏறியது. இரண்டாவதோடு சாப்பிட்டபோது காரம் அப்படியே அடங்கியது. உப்பும் புகையும் பின்னால் போய், மீனின் இனிமை முன்னால் வந்தது. வைனும் இனிப்பாகத் தெரியவில்லை. நான் மறுபடியும் மறுபடியும் மாற்றி மாற்றிச் சுவைத்ததையும், அவர் ஒன்றும் சொல்லாமல் பாணை வெட்டிக்கொண்டிருந்ததையும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உப்பும் காரமும் உள்ள உணவுக்குச் சற்று இனிப்புள்ள, மதுசாரம் குறைந்த வைன் வேண்டும் என்பதை அன்று நாக்கால் படித்தேன். மதுசாரம் கூடினால் காரம் இன்னும் எரியும். இனிப்பு அதைத் தணிக்கும்.

உணவு வைனைவிடப் புளிப்பாக இருக்கக் கூடாது என்பதை என் தவறுகளால் கற்றேன். வினாகிரி தாராளமாக ஊற்றிய ஒரு சலாதுக்கு மென்மையான வைன் ஒன்றை நானே தேர்ந்தெடுத்து அனுப்பி, அது தண்ணீரைப் போல இருக்கிறது என்று மேசையிலிருந்து திரும்பி வந்தது. அதேபோல உணவு வைனைவிட இனிப்பாகவும் இருக்கக் கூடாது. அப்பிள் பணியாரத்தோடு உலர்ந்த ரீஸ்லிங்கைக் கொடுத்தால், எவ்வளவு நல்ல வைனும் எலுமிச்சைச் சாறாகிவிடும். ஃபால்ஸ் பிரதேசத்தில் புளிக்கவைத்த கோவா என்ற முட்டைக்கோசையும், பன்றியின் இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் செய்யும் சவ்மாகனையும் உலர்ந்த ரீஸ்லிங்கோடு பரிமாறுகிறார்கள். கோவாவின் புளிப்புக்கு வைனின் புளிப்பு ஈடுகொடுக்க, அதே புளிப்பு இறைச்சியின் கொழுப்பையும் நாக்கிலிருந்து கழுவிவிடுகிறது.

ரீஸ்லிங்கை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தால் ஃபிராங்கன் பகுதி நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மைன் ஆற்றங்கரையில், தட்டையான வயிறுள்ள பொக்ஸ்பொய்ட்டல் போத்தல்களில் அவர்கள் அடைக்கும் சில்வானர், ஜேர்மனியில் 1659 இல் காஸ்டெல் என்ற ஊரில் முதலில் நடப்பட்ட திராட்சை. வாசனையால் கூப்பிடாத, அடக்கமான வைன் அது. ஆனால் வசந்தத்தில் ஸ்பார்கல் வரும்போது அதற்கு இணை வேறில்லை. ஸ்பார்கல் என்பது நம் ஊர்ச் சாத்தாவாரியின் உறவு. மண்ணை மேடாகக் குவித்து வெயில் படாமல் வளர்ப்பதால் தண்டு வெள்ளையாக இருக்கும். ஜூன் 24 உடன் வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அந்தச் சில வாரங்களுக்கு நாடே அதைத்தான் சாப்பிடுகிறது. தோலைச் சீவி, உப்பும் சிறிது சர்க்கரையும் பட்டரும் சேர்த்த தண்ணீரில் அவித்து, முட்டை மஞ்சட்கருச் சாறும் உருளைக்கிழங்கும் பன்றித்தொடைத் துண்டும் வைத்துக் கொடுப்போம். அந்தத் தண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பல வைன்களைத் தகரம் போலச் சுவைக்க வைத்துவிடும். ஈர மண்ணையும் பச்சைப் புல்லையும் நினைவூட்டும் சில்வானர் மட்டும் அதோடு சண்டை பிடிப்பதில்லை.

பாடன் பகுதியின் கிராவ்பூர்குண்டர், வைஸ்பூர்குண்டர் வகைகள் கன்றிறைச்சிக்கும் பட்டரில் பொரித்த மீனுக்கும் நல்லவை. பிழையே வராத தெரிவுகள், அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது இலையுதிர்காலமாதலால் எங்கும் ஃபெடர்வைஸர் விற்கிறார்கள். அது இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும், பாதி வழியில் உள்ள வைன். வாயு வெளியேற வேண்டும் என்பதற்காக மூடியை இறுக்காமலே விற்பதால், சைக்கிளில் வீடு வரும்வரை போத்தலை நிமிர்த்தியே பிடித்துவர வேண்டும். அதற்குச் சூடான வெங்காயப் பணியாரம் தவிர வேறெதையும் இங்கே எவரும் யோசிப்பதில்லை.

நம் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருந்தீர். திராட்சையின் தலையாய அமிலமும் புளியம்பழத்தின் தலையாய அமிலமும் ஒன்றே; இரண்டும் தாத்தாரிக் அமிலம். ஆனால் பழப்புளி கரைத்த மீன்குழம்பு அளவுக்கு மிஞ்சிப் புளிப்பதால் எந்த வைனையும் தோற்கடித்துவிடுகிறது. அதோடு தண்ணீர் குடிப்பதே மேல். தேங்காய்ப்பால் விட்ட இறால் பாற்கறி, சொதி, பச்சை மிளகாய் போட்ட நண்டு வறை போன்றவற்றுக்குக் கபினெற் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. வருடப் பிறப்புக்கு என் மனைவி இறால் பாற்கறி வைத்தபோது முதலாளியம்மாவையும் அழைத்திருந்தோம். அவர் இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தம் தோட்டத்து வைனை இப்படி ஒரு உணவோடு ஏன் இத்தனை வருடம் குடிக்கவில்லை என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே நீர் செய்ய வேண்டியது இதுதான். 12.5 வீதப் போத்தலை இந்தக் குளிர்காலத்திலேயே, ஒரு கோழியை உப்பும் மிளகும் எலுமிச்சையும் பூசி வாட்டி, அதோடு திறவும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியில் விட்டால் போதும். அதிகம் குளிர்ந்தால் வாசனை ஒடுங்கிவிடும். 8.5 வீதக் கபினெற்றை அப்படி அவசரப்படுத்த வேண்டாம். இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஐந்தாறு வருடம் கிடந்தாலும் அது இன்னும் அழகாகும். இனிப்பு உள்ளுக்குள் போய், தேனும் மெல்லிய மண்ணெண்ணெய் போன்றதுமான ஒரு வாசனை எழும். அந்த வாசனையைப் பழுது என்று எண்ணிவிடாதேயும். தக்கையின் அடியில் கண்ணாடித்தூள் போலப் பளிங்குகள் ஒட்டியிருந்தால் அதுவும் வைனின் அமிலமே, தீங்கற்றது. காத்திருக்க மனமில்லையென்றால், பிள்ளைகள் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியிடம் சொல்லி இறால் பாற்கறி வைத்து, மிளகாயைச் சற்றுக் கூடவே போடச் சொல்லும்.

வைகாசியில் வருவதாக எழுதியதை நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அப்போது ஸ்பார்கல் காலம் நடுவில் இருக்கும். ஃபிராங்கனிலிருந்து ஆறு சில்வானர் போத்தல்களுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். விமானச்சீட்டு எடுத்தவுடன் திகதியை எழுதும்.

அன்புடன்,
உமது இராசன்