இரண்டு கோடியும் ஓர் உயிலும்

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வியன்னாவிலிருந்து ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகியும், வோல்க்ஸ்ஓபர் அரங்குக்கு நீ என்னை அழைத்துப்போய்க் காட்டிய இசைநாடகம் மனத்தைவிட்டு அகலவில்லை. அதன் பெயரைக் கேட்டதற்கு, "லெஹாருடைய ஓபரெட்டா, பாட்டும் நடனமுமாக வேடிக்கையாக இருக்கும் அப்பா" என்று சொன்னாயே தவிர, நுழைவுச்சீட்டில் இருந்த 'டி லுஸ்டிகே விட்வே' என்பதற்கு நீ பொருள் சொல்லவில்லை. மேடைக்கு மேலே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்துத்தான், கதாநாயகி கணவனை இழந்தவள் என்பதையும், பெயரே 'களிப்பான கைம்பெண்' என்பதையும் அறிந்துகொண்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அதை விட்டுவிட்டு நாடகத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

36 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். மற்றவர்கள் வயலினைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் காது உயிலைத் தேடியது. பாரிஸில் பொன்டெவெத்ரோ நாட்டின் தூதரகம். அப்படியொரு நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. அந்நாட்டின் பெருஞ்செல்வர் கிளவாரி மணமான சிறிது காலத்திலேயே இறந்துபோக, இரண்டு கோடியும் இளம் மனைவி ஹன்னாவுக்கு வந்துவிடுகிறது. அவள் ஒரு பாரிஸ்காரனை மணந்தால் பணம் எல்லை தாண்டிவிடும், நாடு திவாலாகிவிடும் என்று அஞ்சுகிற தூதர் ஸேட்டா, தூதரகத்தில் வேலை பார்க்கிற (சம்பளம் வாங்குகிற என்பதே பொருத்தம்) டானிலோவை அவளுக்குக் கணவனாக்கத் துடிக்கிறார். ஒரு பெண்ணின் மறுமணத்துக்காக ஓர் அரசாங்கமே மாப்பிள்ளை தேடுகிறது. அவளைக் கேட்கத்தான் ஆளில்லை.

அந்தக் கற்பனை நாடு முழுக் கற்பனை அன்று என்பதைப் பிறகு படித்தேன். அது பால்கன் பகுதியில் உள்ள மாண்டினீக்ரோ. அங்கே அன்றைய பட்டத்து இளவரசரின் பெயர் டானிலோ, ஸேட்டா என்பது அந்நாட்டின் ஒரு பகுதி, தூதரக எழுத்தராக வருகிற ந்யேகுஷின் பெயரோ அரச குடும்பத்தின் பெயரை ஒட்டியது. ஊரை மாற்றிவிட்டு ஆளை மாற்றாமல் விட்டால், கேலி செய்யப்பட்டவருக்குக் கோபம் வராமல் எப்படியிருக்கும்? வந்தது. வியன்னாவில் இருந்த மாண்டினீக்ரோ மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நாடகத்தை அது கொஞ்சமும் பாதிக்கவில்லை. ஆன்றி மேய்யாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1861இல் எழுதிய நகைச்சுவை நாடகத்தை எடுத்து, விக்டர் லேயோனும் லேயோ ஸ்டைனும் ஜெர்மனில் புதிதாக எழுத, முதலில் இசையமைக்க அமர்த்தப்பட்டவர் ஹாய்பெர்கர். அவருடைய இசை பிடிக்காமல் போகவே வேலை ராணுவ பாண்டு இசைக்குழுவை நடத்தியிருந்த லெஹாரிடம் வந்தது. 1905 டிசம்பர் 30 அன்று தியேட்டர் ஆன் டெர் வீனில் அரங்கேறி, இரண்டே ஆண்டுகளில் லண்டனையும் நியூயார்க்கையும் பிடித்துவிட்டது.

டானிலோவை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஹன்னா ஏழையாக இருந்தபோது இருவரும் விரும்பியிருக்கிறார்கள். அவனுடைய குடும்பம் தடுத்தது, அவனும் விட்டுவிட்டான். இன்று அவளிடம் பணம் இருப்பதால், "உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொன்னால் பணத்துக்காகச் சொன்னதாகிவிடுமே என்ற வீம்பில் வாயைத் திறப்பதில்லை. இரண்டாம் அங்கத்தில், தோட்டத்து விருந்தில், இருவரும் வாய்விட்டுப் பேசாமல் வெறும் மெட்டை முனகிக்கொண்டு வால்ட்ஸ் ஆடினார்களே, அப்போதுதான் அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. மூன்றாம் அங்கத்தில்தான் அதே மெட்டுக்குச் சொற்கள் வருகின்றன: உதடுகள் மௌனமாயிருக்க, வயலின்கள் பேசுகின்றன என்று.

அந்த விசிறியையும் சொல்ல வேண்டும். தூதரின் மனைவி வாலென்சியனின் விசிறியில், அவளை விரும்பும் கமீல் என்ற பிரெஞ்சுக்காரன் காதல் வாசகம் எழுதிவிட, அது தொலைந்து, கை மாறி, ஆளாளுக்குத் தம் மனைவியைச் சந்தேகிக்க வைத்து, கடைசியில் தூதரிடமே அகப்படுகிறது. விவாகரத்து என்று அவர் குதிக்கும்போது, மறுபக்கத்தைப் படியுங்கள் என்கிறாள். "நான் மானமுள்ள மனைவி" என்று அவளே அங்கே பதில் எழுதி வைத்திருக்கிறாள். பத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாதாட வந்தவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இனி உயிலுக்கு வருகிறேன். மறுமணம் செய்தால் தன் சொத்தெல்லாம் போய்விடும் என்று ஹன்னா அறிவித்தவுடன், நாட்டுக்காக அவளைத் தானே மணக்க முன்வந்த தூதர் பின்வாங்குகிறார். டானிலோவோ அந்தக் கணமே தன் காதலைச் சொல்லிவிடுகிறான். சொத்து புதுக் கணவனுக்குப் போகும் என்ற மீதி வாசகத்தை அவள் அதன்பிறகுதான் சொல்கிறாள். அரங்கம் அதிரச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம், மணம் செய்துகொள்ள உரிமை கொடுத்த அதே கையால், அவள் அந்த நாளில் இறந்துவிட்டாற்போலக் கருதிப் பழைய கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த பாத்தியதையை எடுத்துக்கொண்டது. 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகும் அது ஏட்டில் இருந்தது, 1983இல்தான் நீக்கினார்கள். அதற்குப் பின்னும், "என் மனைவி மறுமணம் செய்துகொள்ளாத வரையில்" என்ற வரியைக் கேட்டு எழுதச் சொன்னவர்கள் உண்டு. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூலி வாங்கிக்கொண்டு. உன் கணவர் உனக்கு எழுதிவைத்த உயிலில் அந்த வரி இல்லை. "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று மட்டுமே இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான்; சொன்னவர் அவர். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, எதையும் சேர்க்க வேண்டாம் மாமா என்று இரண்டு முறை சொன்னார். இதை உன்னிடம் சொல்ல ஆறு வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

ஒரு செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பாட்டைக் கேட்காமல் இருந்தேன். முதல் டானிலோவாக நடித்த லூயி ட்ராய்மான் ஒரு யூதர்; 1943இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்திருக்கிறார். ஹிட்லருக்கு மிகவும் பிடித்த ஓபரெட்டாக்களில் இதுவும் ஒன்றாம். மூன்றாம் நாள் மறுபடியும் கேட்டேன். மெட்டு என்ன செய்யும்?

இடைவேளையில் எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் தேடிக் கூட்டத்தில் அலைந்துவிட்டு, பிறகு நாடகத்தில் வந்த கோலோ என்ற பால்கன் வட்ட நடனத்தின் கால்வைப்பை விரலால் மேசையில் தட்டிக்காட்டிய உன் அலுவலக நண்பரிடம், ஊர்ப்பக்கம் வரச் சொல்லி நம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்க நினைத்து மறந்துவிட்டேன். நீ கொடுத்துவிடு அம்மா.

இப்படிக்கு,
அப்பா