தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்

கண்ணு,

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கோவை மண்டபங்களில் மேளச்சத்தம் இருக்காது, உன் கேமராப் பையும் ஓய்வில் இருக்கும். உன் கல்யாண போட்டோ வெப்சைட்டில் கை வைக்க இதுதான் நேரம். ஆவணி, ஐப்பசி முகூர்த்தக்காரர்கள் ஆள் தேடுவதும் இப்போதுதான். நீ மாற்றுவதைக் கூகுள் வந்து பார்த்துத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள நாள் பிடிக்கும். அதனால் இந்த வாரமே உட்கார்ந்துவிடு.

தளத்தை முழுக்கப் பார்த்தேன். படங்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தளம்தான் இன்னொரு போட்டோகிராபர் பார்த்து மெச்சுவதற்காகக் கட்டியதுபோல இருக்கிறது. அங்கே வருகிறவர் கல்யாணப் பெண்ணின் அண்ணனாகவோ அப்பாவாகவோ இருப்பார், பல சமயம் பெண்ணேதான். மண்டபம் பிடித்தாயிற்று, தேதி கையில் இருக்கிறது, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்துத் தேடுகிறார்கள். அந்தத் தேதிக்கு நீ கிடைப்பாயா, எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். உன் முகப்பில் இருப்பது "நினைவுகளைச் சிறைப்பிடிக்கிறோம்" என்ற வரி. அவிநாசி ரோட்டில் பாதி ஸ்டூடியோ போர்டில் அதுதான் எழுதியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கல்யாண போட்டோ, வீடியோ" என்று பச்சையாக எழுது. கீழே தொகை எதிலிருந்து ஆரம்பம் என்பதும் வாட்ஸ்அப் பொத்தானும் இருக்கட்டும்.

வேகத்துக்கு வருகிறேன். முகப்பில் எட்டுப் படம் மாறி மாறி ஓடுகிறது. ஒன்றைத் தனியாகத் திறந்து பார்த்தால் 6000-க்கு 4000 பிக்சல், ஏறக்குறைய 9 எம்பி. 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்கு, உன் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு சிறிய பிரதி எடுத்து வைக்கும். உன் ஸ்லைடர் அதை விட்டுவிட்டு மூலக் கோப்பையே இழுக்கிறது. எட்டும் சேர்ந்து 72 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் வரும் சிக்னலிலேயே அது இறங்க ஒரு நிமிடம் ஆகும். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, எட்டாவதை நீ மட்டும்தான் பார்த்திருப்பாய். ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம் வை.

அந்த ஒரு படத்தையும் போனை நெட்டுவாக்கில் பிடித்துப் பார். இப்போது முதலில் இருக்கும் மாலை மாற்றும் படம் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. போனில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, மாப்பிள்ளையின் தோளும் நடுவில் ஒரு மாலையும்தான் மிச்சம். பெண்ணின் முகமே இல்லை. போனுக்கென்று நெட்டாக வெட்டிய ஒரு பிரதி தனியாகக் கொடு. தளத்தின் தீமில், அதாவது வடிவமைப்பில், அதற்கு இடம் இல்லையென்றால், படத்தின் எந்தப் பகுதி நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஃபோகல் பாயின்ட் அமைப்பாவது இருக்கிறதா பார்.

படம் திருத்தும் லைட்ரூமில் வெப்சைட்டுக்கென்று ஒரு எக்ஸ்போர்ட் ப்ரீசெட், அதாவது கோப்பை வெளியே எடுக்கும் அளவுகளின் தொகுப்பு, போட்டு வைத்துக்கொள். ஜேபெக், குவாலிட்டி 75, நீளப் பக்கம் 2000 பிக்சல், ஷார்ப்பனிங் ஸ்கிரீனுக்கு ஸ்டாண்டர்ட். ரெசல்யூஷன் கட்டத்தில் 72 போட்டாலும் 300 போட்டாலும் திரையில் ஒன்றுதான், அது பிரின்ட்டுக்கான எண். கலர் ஸ்பேஸ் கட்டாயம் எஸ்ஆர்ஜிபி, திரைகளுக்குப் பொதுவான நிறக் கணக்கு அதுதான். உன் நலங்குப் படங்களில் மஞ்சள் வெளிறி, கூறைப்புடவைச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிவதற்குக் காரணம், ஆல்பத்துக்காக அடோபி ஆர்ஜிபியில் எடுத்த கோப்பையே ஏற்றியிருக்கிறாய். படத்தைச் சுருக்கும் பிளக்இன் உள்ளே இருக்கும் கலர் புரொஃபைலைக் கழற்றிப் போட்டுவிட்டால், பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு காட்டும். நிறம் செத்துவிடும். மெட்டாடேட்டாவில் காப்பிரைட் மட்டும் போதும், இடத் தகவலை நீக்கு. பெண் வீட்டு வாசலில் எடுத்த படத்தில் அவர்கள் வீடு இருக்கும் இடம் ஊருக்கே தெரியக் கூடாது. இப்படி எடுத்தால் ஒரு படம் 300 முதல் 500 கேபிக்குள் நிற்கும். சரிகையும் பூவும் நிறைந்த படம் கொஞ்சம் கூடும். வெப்பி வடிவில் ஏற்றினால் இன்னும் குறையும். போனுக்கு இன்னும் சிறிய பிரதியே தாராளம், அதை வேர்ட்பிரஸ் பார்த்துக்கொள்ளும்.

படம் திரைக்கு வரும் நேரத்தில் மட்டும் இறக்கும் லேசி லோடிங் போட்டிருக்கிறாய், நல்லதுதான். ஆனால் முகப்பின் முதல் படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாய். முதலில் வர வேண்டியதையே கடைசியில் வரச் சொன்ன கதை. அதற்கு மட்டும் எடுத்துவிடு. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயர எண்கள் கோடில் இருக்கிறதா என்றும் பார். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும், வாட்ஸ்அப் பொத்தானைத் தொடப் போனவர் விரல் வேறெங்கோ படும். முடித்தபின், தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பக்கத்து எண்ணைப் பார். டெஸ்க்டாப் எண் பச்சையாக இருப்பதைப் பார்த்து யாரும் கல்யாண ஆர்டர் கொடுப்பதில்லை.

இனி, எதைக் காட்டுவது. கேலரியில் 340 படம் இருக்கிறது. முப்பதாகக் குறை. ஒரே மாதிரி மூன்று இருந்தால் இரண்டை நீக்கு. பின்வெளிச்சத்தில் எடுத்த அவுட்டோர் ஜோடிப் படம் எல்லாரிடமும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: விடிகாலை மண்டபத்தில், டியூப்லைட்டும் மேடை எல்இடியும் கலந்த வெளிச்சத்தில், சுற்றி நாற்பது பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, தாலி கட்டுவதை இந்தப் பெண் தவறவிடாமல் எடுப்பாளா? அதற்குப் பதில் முழுக் கல்யாணம் ஒன்றுதான். நிச்சயத்திலிருந்து பந்தி வரை, வரிசை மாறாமல், 60 அல்லது 70 படம். கேலரிக்கு வெளியே தனிப் பக்கமாக அப்படி இரண்டு கல்யாணம் போதும்.

உன் கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது, அதை நீ எங்கேயும் சொல்லவே இல்லை. கொங்குச் சீர்கள், அதாவது நம் பக்கத்துக் கல்யாணச் சடங்குகள், உனக்கு அத்துப்படி. இணைச்சீரில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் எந்தப் பக்கம் இருப்பாள், கைகோர்வைக்கு எங்கே நின்றால் விரல்கள் தெரியும், மங்கல வாழ்த்துப் பாடும்போது யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் வெளியூரிலிருந்து வரும் டீமுக்குத் தெரியாது. சீர் முடிந்தபின் "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று கேட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அதற்கென்று ஒரு பக்கம் போடு. சீர் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அது என்ன என்று இரண்டு வரி, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு வரி. அந்தச் சீரின் பெயரைப் போட்டுத் தேடுகிறவர் நேராக உன் வாசலுக்கு வருவார். அதேபோல் வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு எல்லாவற்றையும் "இதர நிகழ்ச்சிகள்" என்று ஒரே பக்கத்தில் திணிக்காமல் தனித்தனியாகப் பிரி. வளைகாப்பு என்று தேடி வந்தவருக்குக் கல்யாண மேடையைக் காட்டினால் அவர் ஏன் நிற்கப் போகிறார்?

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஆல்பம் டிசைனர் போட்டோஷாப்பில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாய். நம் கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குப்பை. முழுவதும் யுனிகோடில் அடி. எழுத்துருவுக்கு முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்துக்கொள். வரிக்கு வரி இடைவெளி 1.6-க்குக் குறையாமல் வை, இல்லாவிட்டால் மேல் வரி உகரமும் கீழ் வரிப் புள்ளியும் மோதிக்கொள்ளும். தொகை விவரத்தைப் போஸ்டராக வரைந்து படமாக ஏற்றியிருப்பதையும் எடுத்துவிட்டு எழுத்தாகப் போடு. கோப்பின் பெயர் கேமரா வைத்த நம்பராகவே இருக்க வேண்டாம். நிகழ்ச்சி, ஊர், மண்டபம் என்று சிறு கோடு போட்டுப் பிரித்து எழுது. படத்தோடு சேர்த்து எழுதும் விளக்கமான ஆல்ட் டெக்ஸ்டில் படத்தில் இருப்பதைச் சொல், ஊர்ப் பெயரைப் பத்துத் தடவை அடுக்காதே.

முழுக் கல்யாணம் போடு என்றேன் அல்லவா, அதற்கு முன்னால் ஒன்று. 1957 காப்பிரைட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர். வேறு ஒப்பந்தம் எழுதியிருந்தால்தான் அது மாறும். எடுத்தவள் நீ என்பது மட்டும் போதாது. அட்வான்ஸ் வாங்கும்போது கொடுக்கும் தாளில், இந்தப் படங்களைத் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் போடச் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கு. குழந்தைகள் இருக்கும் படத்துக்குத் தனியாகக் கேள். சம்மதம் இல்லை என்றால் வருத்தப்படாதே, அடுத்த கல்யாணத்தைப் போடு.

தொகை விஷயத்தில் நீ பிடிவாதமாக இருப்பாய், தெரியும். "போன் செய்தால் சொல்கிறோம்" என்றால் பேரம் பேச வசதி என்று நினைக்கிறாய். போன் வருவது அதனால் குறைகிறது. வருகிற போனிலும் பாதி, உன் தொகைக்குப் பாதிகூடக் கொடுக்க முடியாதவர்கள். மூன்று பேக்கேஜ் போடு, ஒவ்வொன்றிலும் என்ன உண்டு என்று எண்ணிச் சொல்: எத்தனை மணி நேரம், போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் எத்தனை பேர், நிற்கவைத்து எடுக்கும் டிரெடிஷனல் எத்தனை பேர், ஆல்பம் 12-க்கு 36 அங்குலத்தில் எத்தனை ஷீட், எடிட் செய்த படம் சுமாராக எத்தனை, எத்தனை நாளில் கைக்கு வரும். வெளியூர்ப் போக்குவரத்து, தங்கல், டிரோன், எல்இடி வால் தனிக் கணக்கு என்றால் அதையும் அங்கேயே எழுது. கடைசி நாளில் வரும் சண்டை எல்லாம் இந்த வரிகள் இல்லாததால் வருவதுதான்.

வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டால் எண் தவறு என்று வருகிறது. இணைப்பில் 91-க்கு அப்புறம் ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறாய். கூட்டல் குறி, இடைவெளி, பூஜ்யம் எதுவும் இல்லாமல் 91-ம் பத்து இலக்கமும் மட்டும். "தேதி, ஊர், மண்டபம், என்னென்ன நிகழ்ச்சி" என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைத்தால், வருகிறவர் வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுப் போக மாட்டார்.

தொடர்புப் படிவம் அதைவிட மோசம். அனுப்பினேன், "நன்றி" என்று வந்தது, உனக்கு எதுவும் வரவில்லை என்றாய். மெயில் போகிறது, ஸ்பேமுக்கு. படிவம் நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்து உன் சர்வர் அனுப்புகிறது. ஜிமெயில் பெயரில் வேறொரு சர்வர் அனுப்பினால் போலி என்றுதான் கணக்கு. அனுப்புநர் உன் டொமைன், அதாவது உன் தளத்தின் பெயரில் உள்ள முகவரியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரியைப் பதில் போக வேண்டிய ரிப்ளை-டு கட்டத்தில் போடு. மெயில் கணக்கில் முறையாக நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி பிளக்இன் ஒன்று வைத்து அதன் வழியே அனுப்பு, உன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும் டொமைனில் சேர். ஸ்பேம் பெட்டியை இன்றைக்கே திறந்து பார், ஆனியில் கேட்டவர்கள் அதில் இருக்கலாம்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உன் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் முதல் வகையாக வெட்டிங் போட்டோகிராபர் என்று வை. வீட்டிலிருந்து வேலை செய்வதால் முகவரியை மறைத்துவிட்டு, போகிற ஊர்களைச் சேர், இருபது வரை விடும். ஸ்டூடியோ பெயரோடு "கோவை பெஸ்ட்" என்றெல்லாம் ஒட்டாதே, விதிமீறல் என்று கணக்கை முடக்கிவிடுவார்கள். ரிவ்யூவை ஆல்பம் கொடுத்து, குடும்பம் புரட்டிப் பார்த்துச் சிரிக்கும் அன்றைக்கே கேள், லிங்க்கைக் கையோடு அனுப்பு. ரிவ்யூவுக்குத் தள்ளுபடி, பரிசு என்று பேசாதே, அதற்கும் அங்கே தடை.

பின்னணிப் பாட்டை நிறுத்து. பிரவுசர்கள் அதைத் தானாக ஓட விடுவதில்லை, ஓடினாலும் ஆபீஸில் திறந்தவர் பதறி மூடுவார். ரைட்கிளிக் தடையும் வேண்டாம், திருடுகிறவன் ஸ்கிரீன்ஷாட் எடுப்பான். வாட்டர்மார்க் ஓரமாக இருக்கட்டும், மணப்பெண் நெற்றியில் வேண்டாம்.

டொமைன் இன்னும் தளம் செய்து கொடுத்தவர் பெயரிலும் அவர் மெயிலிலும்தான் இருக்கிறது. அவர் நம்பரை மாற்றினாலோ ரினியூவலை மறந்தாலோ உன் கடை வாசலையே காணோம். அதைச் சண்டை போடாமல், ஆனால் இந்த மாதமே உன் பெயருக்கு மாற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் படிவத்தில் ஆவணி முகூர்த்தத் தேதி ஒன்றைப் போட்டு அனுப்புகிறேன். மண்டபம் என்ற இடத்தில் "அப்பா" என்று எழுதியிருக்கும். இன்பாக்ஸில் வந்ததா, ஸ்பேமில் கிடந்ததா என்று சொல்.

அன்புடன்,
அப்பா