உட்ரெக்ட் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு: ஜெர்மன் படிப்பை நிறுத்தாதீர்கள்

உட்ரெக்ட் பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2024 நவம்பரில் நீங்கள் அறிவித்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், கெல்டிக் (ஐரிஷ், வெல்ஷ் போன்ற மொழிகள்) உட்பட ஆறு இளங்கலைப் படிப்புகளை நிறுத்தப் போகிறோம், சேர ஆள் இல்லை, பணமும் இல்லை என்கிறீர்கள். பணத் தட்டுப்பாடு உண்மைதான், அதே மாதம் ஹேக் நகரில் மாணவர்களும் ஆசிரியர்களும் திரண்டு போராடியதும் அதற்காகத்தான். ஆனால் ஆள் இல்லை என்பதை ஒரு காரணமாகவே என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளிகளில் ஜெர்மன் சொல்லித்தர ஆசிரியர் கிடைக்காமல் நெதர்லாந்து திண்டாடுவது உங்களுக்குத் தெரியாததா? நல்ல ஆசிரியர் இல்லாத பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த மொழியில் ஆசை வருவதில்லை, ஆசை வராதவர்கள் உங்களிடம் வந்து சேர்வதில்லை, சேராததால் நீங்கள் படிப்பை மூடுகிறீர்கள், மூடியதும் அடுத்த தலைமுறை ஆசிரியர்களும் இல்லாமல் போகிறார்கள். இத்தனைக்கும் நெதர்லாந்தின் மிகப்பெரிய வணிகக் கூட்டாளி ஜெர்மனி.

அப்புறம், இந்த மொழிகளைத் தனித்தனியாக வெட்டி எடுக்க முடியாது. டச்சு மொழியின் மிகப் பழைய வரிகளில் ஒன்று என்று உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களே, பறவைகள் எல்லாம் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, நீயும் நானும் மட்டும் இன்னும் இல்லை, நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்கும் அந்த வரி. 1100 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு துறவி புது இறகுப் பேனாவைச் சரிபார்க்கக் கிறுக்கியது. அது உண்மையில் டச்சா, இல்லை கென்ட் பகுதியின் பழைய ஆங்கிலமா என்று அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தைப் புரிந்துகொள்ளவே பழைய டச்சு, பழைய ஆங்கிலம், வட ஜெர்மனியில் பேசப்பட்ட பழைய சாக்சன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை உருவாக்குவது முழுநேரப் பட்டப்படிப்புதான், இரண்டு விருப்பப் பாடங்களால் அது நடக்காது.

தமிழன் இதில் ஏன் தலையிடுகிறான் என்று கேட்கலாம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது, எங்கள் கடற்கரையின் அந்தக் கால வரலாறு பெரும்பாலும் ஹேக் ஆவணக் காப்பகத்துக் கட்டுகளில் கிடக்கிறது. அந்தக் கம்பெனியின் சிப்பாய்களில் ஏராளமானோர் ஜெர்மானியர்கள். அவர்கள் எழுதிவைத்ததைப் படிக்க ஆள் இல்லாவிட்டால் இழப்பு எங்களுக்கும்தான்.

2019இல் ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகம் டச்சு மொழி இளங்கலையையே நிறுத்துவதாக அறிவித்தது, சொந்த நாட்டு மொழியை! ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்கை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். லைடன், க்ரோனிங்கன், நைமேகன் பல்கலைக்கழகங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பழைய மொழி வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பேராசிரியர்கள் ஊர் விட்டு ஊர் போய் நடத்தட்டும், ரயிலில் ஓரிரு மணி நேரப் பயணம்தானே. அந்தப் பேச்சு முடிகிறவரையாவது ஜெர்மன் படிப்பில் மாணவர் சேர்க்கையை நிறுத்தாதீர்கள்.