எஸ்தவெல் கல்லறை வரைக்கும் கூட வந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திரும்பி ரெண்டு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் எழுத ஒக்காந்திருக்கேன், கோச்சுக்காதீங்க.

மொத நன்றி பாரிஸ்ல இருக்குற மச்சானுக்கு. இருந்த ஒரே லீவு நாளையும் தூக்கத்தையும் விட்டுட்டு வடக்க லான்ஸ் பக்கம் எஸ்தவெல்ங்கிற குட்டி ஊருக்கு காரை ஓட்டிட்டு வந்தாரு, வழி பூரா "யாருய்யா அந்த ராய், உங்க சித்தப்பாவா?"ன்னு ஓட்டிக்கிட்டே.

சித்தப்பா இல்ல மச்சான், இந்திர லால் ராய், கல்கத்தா பையன், லண்டன்ல படிச்சவன். முதல் உலகப்போர்ல பைலட் ஆகணும்னு போனா கண்ணு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, இவன் மோட்டார் பைக்கை வித்து அந்தக் காசுல பெரிய கண் டாக்டரைப் பார்த்து சர்டிஃபிகேட் வாங்கி உள்ள போயிட்டான். 1917 டிசம்பர்ல பிளேன் விழுந்து, செத்துட்டான்னு பிணவறைல போட்டாங்களாம், முழிச்சு கதவைத் தட்டுனானாம், இது எவ்ளோ நெசமோ, ஆனா அடிபட்டு மாசக்கணக்கா படுத்துக் கெடந்தது நெசம். திரும்பி வந்து பிரிட்டிஷ் விமானப்படையோட 40வது ஸ்குவாட்ரன்ல (படைப்பிரிவு), 1918 ஜூலை 6லேர்ந்து 19க்குள்ள 10 எதிரி விமானத்தை வீழ்த்துனதா அவன் கணக்குல, 8ஆம் தேதி மட்டும் நாலு மணி நேரத்துல மூணு. 22ஆம் தேதி பக்கத்துல கார்வின் ஊருக்கு மேல ஜெர்மன் ஃபாக்கர் போர் விமானங்கள்கிட்ட மாட்டி செத்துப் போயிட்டான். வயசு 19. டி.எஃப்.சிங்கிற பிரிட்டிஷ் விமானப்படை வீரப் பதக்கம் செத்ததுக்கப்புறம்தான் வந்துச்சு. அந்த டாக்டருக்கும் பைக் வாங்குன புண்ணியவானுக்கும் நன்றி சொல்லணுமா திட்டணுமான்னு கார்ல பெரிய விவாதமே ஓடிச்சு, முடியல.

கல்லறைத் தோட்டத்துல பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த அந்த ஃபிரெஞ்சு பாட்டிக்கு நன்றி, போன்ல பேரைக் காட்டுனதும் வாளியக் கீழ வெச்சுட்டு கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய் நிறுத்துனாங்க.

கல்லுல வங்காளத்துல எழுதியிருக்கு, எனக்கு ஒரு எழுத்து தெரியாது. வீடியோ கால்ல படிச்சு சொன்ன ஆபீஸ் வங்காளி தாதாவுக்குத்தான் (அவங்க பாஷைல அண்ணன்) பெரிய நன்றி. மழை பேஞ்சு கல்லு ஈரமா இருந்துச்சா, எழுத்து தெரியட்டும்னு உள்ளங்கையால தொடச்சுக்கிட்டே இருந்தேன், அவரு ஒவ்வொரு வார்த்தையா படிக்கிறாரு, "மாவீரனோட சமாதி, மரியாதை காட்டு..." கொஞ்சம் நிறுத்திட்டு, "தொடாதேன்னு போட்டிருக்கு, கைய எடுங்க மொதல்ல"ன்னாரு.

எடுத்துட்டேன் தாதா.